தனித் தட்டு வைத்தது நான்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் காசநோய் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. வடசென்னை மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, அதனால்தான் பாதியில் மருந்தை விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். யாருக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் தம்பிக்கு டிபி வந்தது. கொருக்குப்பேட்டையில் நாங்களும் அவனும் ஒரே சந்து. மண்ணடிப் பக்கம் லோடுமேன் வேலை அவனுக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால் சளி பரிசோதனை செய்யணும் என்று தெரிந்து, யாரும் சொல்லாமல் அவனாகவே போய்க் கொடுத்தான். ஆறு மாதம் விடாமல் மாத்திரை போடணும், நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும் என்று நர்ஸம்மா சொன்னதை வரி மாறாமல் என்னிடம் ஒப்பித்தான். அப்படிப்பட்டவன்தான் மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்தினான். தெரியாமல் நிறுத்தினான் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அவனுக்கு டிபி என்று தெரிந்த அன்றே நான் ஒரு தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தேன். மற்ற பாத்திரத்தோடு கலந்துவிடக் கூடாது என்று டம்ளர் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தேன். அவன் சாப்பிட்டுவிட்டு அதைத் தானே கழுவி, ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான், ஒரு வார்த்தை பேச மாட்டான். என் பிள்ளைகளை அவன் மடியில் உட்கார விடவில்லை. அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, எங்கள் ஆயா காலத்திலிருந்து அப்படித்தான் செய்து வந்தோம். டிபி தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது, இருமும்போது காற்று வழியாகத்தான் பரவும், மருந்தை ஒழுங்காக ஆரம்பித்துச் சில வாரம் போனாலே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. காற்று வர வேண்டிய ஜன்னலைக் கொசுவுக்காகச் சாத்தி வைத்துவிட்டு, தட்டைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

வெளியில் அவன் பட்டது இன்னும் மோசம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மாத்திரை அட்டையை ஷேவிங் டப்பாவில் ஒளித்து வைத்தான். காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு ஓடுவான், மூட்டை தூக்கும்போது குமட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துப் பயந்திருக்கிறான். ரிஃபாம்பிசின் என்கிற மாத்திரை போட்டால் எல்லாருக்கும் அப்படித்தான் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்பதற்குக்கூட அவனுக்கு ஒரு ஆள் இல்லை. வேலைக்குப் போகாத நாட்களுக்காக, தினமும் வசூலிக்கிற தண்டலுக்குக் கடன் வாங்கினான், தண்டல்காரர் சாயந்திரம் ஆனால் வாசலில் வந்து நிற்பார். தூக்கம் போனது, குடி வந்தது. அந்த நேரம் பார்த்து இருமலும் நின்றுவிட்டது. சரி, குணமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது.

ஏழெட்டு மாதத்தில் நோய் திரும்ப வந்தது, இந்தத் தடவை சளியில் ரத்தத்தோடு. நல்லவேளை, கிருமி மருந்துக்கு அடங்குகிற வகையாகவே இருந்தது. இரண்டாவது முறையும் அதே மாதிரி மாத்திரைதான், நர்ஸம்மா சொன்னதும் அதேதான். ஆனால் இந்த முறை எதிர்வீட்டில் இட்லி விற்கிற ஆயா நடுவில் வந்தார். அவருக்கு இளவயதில் டிபி வந்து சரியானதாம், இத்தனை வருடத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை. தினமும் காலையில் நாலு இட்லியைத் தட்டில் வைத்து, "மாத்திரையைப் போடு நைனா, அப்புறம் போ" என்று அவன் விழுங்குகிற வரைக்கும் கரண்டியோடு நிற்பார். காசு வாங்க மாட்டார். மேஸ்திரியிடமும் அவரே போய்ப் பேசினார். நாங்கள் பயந்த மாதிரி எதுவும் ஆகவில்லை. மூட்டை எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலையில் அவனை உட்கார வைத்தார்கள். நெயில் பாலிஷ் பொட்டை நான் சுரண்டி எடுத்தேன். முழு மருந்தையும் முடித்தான்.

ஆயா செய்ததை நம் ஊரே ஒரு காலத்தில் உலகத்துக்குக் காட்டியிருக்கிறது, அதை உங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். டிபி வந்தால் ஊரைவிட்டு வெளியே சானடோரியம் என்கிற தனி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவதுதான் அந்தக் காலத்து வழக்கம், தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பேரே அதிலிருந்து வந்ததுதானே. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி நிலையம் நம் நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்து, பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான குடிசை, அரைகுறைச் சாப்பாடு. 1959-ல் முடிவு வந்தபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க வீட்டிலேயே வைத்து டிபி மருந்து கொடுக்கும் முறை வந்தது. அதில் நான் கவனித்தது, மாத்திரையைக் கையில் கொடுத்ததோடு அந்த நிலையத்து ஆட்கள் விட்டுவிடவில்லை, வீடு தேடிப் போய் ஒழுங்காகப் போடுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. ஜார்க்கண்டில் டிபி நோயாளி இருக்கிற வீடுகளில் மற்றவர்களுக்கும் சேர்த்து, மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது என்று 2023-ல் முடிவு வெளியானது. அரசு இப்போது நோயாளிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது, 2024 அக்டோபர் வரை 500 ரூபாயாக இருந்தது. கூட்டியது நல்லதுதான். ஆனால் லோடுமேன் ஒருவன் ஒன்றிரண்டு நாள் படுத்தாலே போய்விடுகிற கூலி அது. தண்டல்காரர் வாசலில் நிற்கிறவனிடம் போய் விழிப்புணர்வு பேசி என்ன செய்ய?

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை டிபி பற்றி எழுதும்போது, நோயாளிக்கு அறிவுரை சொல்கிற பெட்டிச் செய்தியை விட்டுவிட்டு, கூட இருக்கிறவர்களுக்கு ஒரு பெட்டி போடுங்கள். தட்டைப் பிரிக்காதே, ஜன்னலைத் திற, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்படாதே என்று அவனிடம் முன்கூட்டியே சொல், வீட்டில் எல்லாரும் பரிசோதனைக்குப் போங்கள், காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை போட வை. எழுத்தைப் பெரிதாகப் போட்டால் வெட்டி எடுத்து எங்கள் சந்து முனை டீக்கடையில் ஒட்டிவிடுவேன், கடைக்காரரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை-21