மூடி வாங்கித் தந்தவனுக்கு

சுங்கை சிப்புட் (உத்தாரா)
ஞாயிறு இரவு

மாறா,

அம்மா காரியத்துக்கு வந்துட்டுப் போனவனுக்கு இத்தனை நாளா ஒரு வரி எழுதலை. திட்டணும்னா இங்கேயே திட்டிக்க, இடம் விடறேன்.

ஆச்சா? சரி.

வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். நீ ஒரு சிரிக்கிற மூஞ்சியைப் போட்டு முடிச்சிடுவே. இது அப்படி முடியற விஷயம் இல்லை. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் கம்பாருக்குப் படிக்கப் போயிட்டா. கண்ணாடி மாமாவுக்கு ரெண்டாவது கண்ணும் ஆப்பரேஷன் ஆச்சு. இப்ப கண்ணாடியே போடறதில்லை, அதுக்காகப் பேரை மாத்த முடியுமா?

விஷயம் இதுதான். போன மாசம் நம்ம டீசல் வண்டி கருப்பாயி என்னையும் சின்னவனையும் கொல்லப் பார்த்தா.

லாசா தாண்டி நம்ம டுரியான் கொல்லைக்கு ஏறுற செம்மண் மேடு, நீ 'ஆண்டவர் வளைவு'ன்னு பேர் வெச்சியே, அங்கே. அதுக்கு மூணு வாரம் முன்னாலேயே சேட்டை ஆரம்பிச்சிடுச்சு. ரோட்டுல ஓடும்போது ஒரு குறையும் இல்லை. மேட்டுல பாதி ஏறினதும் மூச்சு வாங்கும். எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் இறங்கிக்கிட்டே போகும். நிறுத்திப் பத்து நிமிஷம் ஒரு சுருட்டு பிடிச்சா (ஆமா, விட்டுட்டேன்னு சொன்னேன், பொய்) மறுபடி ஒழுங்கா ஏறும். பேய் பிடிச்ச மாதிரி.

இங்கே ஒரு பட்டறையில காட்டினேன். பட்டறை முதலாளி தவுக்கே பானெட்டைத் திறந்து, உள்ளே பார்த்தும் பார்க்காமலும், "டர்போ போச்சு, மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி"ன்னார். வீட்டுல கணக்கு தொடங்கிடுச்சு. 2024 ஜூன் 10-லேர்ந்து டீசல் லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆனதையும், அதுக்கு ஈடா அரசாங்கம் மாசம் தந்த 200 வெள்ளி எந்த மூலைக்கு என்பதையும் உன் தங்கச்சி எனக்கு மனப்பாடமா ஒப்பிச்சா.

இஞ்சினுக்குக் காத்தை அமுக்கித் தர்ற டர்போ மேல எனக்குச் சந்தேகம் வரலை. ஏன்னு கேளு. நீ எப்பவும் முதல்ல கேக்கறது, "புகை என்ன நிறம்?" புகையே இல்லைடா. காத்து பத்தலைன்னா, டர்போ ஹோஸ் கிழிஞ்சிருந்தா, கரியா கக்கணும். கண்ணாடியில பார்க்கறேன், பின்னால சுத்தமா இருக்கு. அப்ப காத்து இருக்கு, டீசல் எண்ணெய்தான் போய்ச் சேரலை. அதனால டீசல் பில்டரை மாத்தினேன். பழசை அறுத்துப் பார்த்தேன். 2019-ல டீசல்ல 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்க ஆரம்பிச்சானே, அது பழைய டேங்கில ஒட்டியிருக்கிற அழுக்கைக் கரைச்சுக் கொண்டாந்து பில்டர்ல அடைக்கும்னு கேள்விப்பட்டிருந்தேன். நம்ம அப்பனுங்க வெட்டின குலை கடைசியில நம்ம வண்டி தொண்டையிலேயே வந்து நிக்குதான்னு ஒரு சிரிப்பு. ஆனா உள்ளே பெரிசா ஒண்ணும் இல்லை. எண்ணெய் லைன்ல ஒரு துண்டுக்குக் கண்ணாடி ஹோஸ் போட்டுக் காத்துக் குமிழி வருதான்னு பார்த்தேன். அதுவும் வரலை.

இதுல ஒரு வேடிக்கை. மேட்டுல வண்டி மூக்கைத் தூக்கினா டேங்கில எண்ணெய் பின்னால ஒதுங்கும், உறிஞ்சற குழாய் வறண்டுடும்னு நெனச்சு, அன்னைக்கு வாய் வரைக்கும் நிரப்பிக்கிட்டுப் போனேன். அன்னைக்குத்தான் எல்லா நாளையும்விடச் சீக்கிரம் செத்தா.

பின்னால உர மூட்டை ஆறு, பக்கத்துல சின்னவன். வளைவுல இஞ்சின் அப்படியே அணைஞ்சு போச்சு. பிரேக்கை மிதிச்சேன், நின்னுச்சு. இன்னொரு தரம் மிதிச்சேன், பெடல் கல்லா இருக்கு. இஞ்சின் இல்லைன்னா பிரேக்குக்கு உதவியும் கொஞ்ச நேரத்துக்குத்தான், ஸ்டியரிங்கும் இரும்பு. வண்டி ரெண்டு முழம் பின்னால வழுக்குச்சு. இடது பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்.

அந்த நேரத்துல காதுக்குள்ள கேட்டது கண்ணாடி மாமா குரல். தோட்டத்து ஜீப்பில நம்மை ஏத்திக்கிட்டுப் போகும்போது கத்துவாரே: "கிளட்ச்சைத் தொடாதே, நியூட்ரல் போடாதே!" கால் பிரேக்கும் கை பிரேக்குமா இறுக்கிப் பிடிச்சு, ஒரே ஒரு தரம் கிளட்ச் மிதிச்சு, மெதுவாப் பின்னால போற லோ ரிவர்ஸ் கியர்ல போட்டு, கிளட்ச்சை முழுசா விட்டேன். கியரே வண்டியைப் பிடிச்சுக்குச்சு. மெதுவா பிரேக்கையும் விட்டுட்டுச் சாவியைத் திருப்பினா ஸ்டார்ட்டரே அங்குலம் அங்குலமாப் பின்னால இறக்குது, இஞ்சினும் பிடிச்சுக்கிச்சு. மேடு முடியற வரைக்கும் சின்னவன் ஒரு வார்த்தை பேசலை. கீழே வந்ததும், "அப்பா, நம்ம இறங்கிடலாமா?"ன்னான். எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது அப்பதான்.

எண்ணெய் எங்கேயோ ஒழுகுதோன்னு டேங்க் மூடியைத் திறந்தேன். ஸ்ஸ்ஸ்ஸ்... நீளமா ஒரு உறிஞ்சல், அப்புறம் டேங்க் அடியில 'டொங்'குன்னு ஒரு சத்தம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம்.

ஒட்டுக்கடையில பால் டின்னுக்கு ஏன் ரெண்டு ஓட்டை போடறாங்க? ஒண்ணுல பால் வரணும்னா இன்னொண்ணுல காத்து போகணும். கருப்பாயிக்கு அந்த ரெண்டாவது ஓட்டை அடைச்சுக்கிச்சு. ரோட்டுல எண்ணெய் கொஞ்சமாத்தான் குடிப்பா, இண்டு இடுக்குல கசியற காத்தே போதும். மேட்டுல குடிக்கிற வேகத்துக்குப் பத்தாது. நிரம்பின டேங்கில காத்துக்கு இடமே கொஞ்சம், அதனால இன்னும் சீக்கிரம் இறுகும். நிறுத்தினா மெல்ல மெல்ல காத்து ஏறிடும், பேயும் இறங்கிடும். ஒவ்வொரு தரமும் எதையாவது மாத்திட்டு எண்ணெய் போட மூடியைத் திறந்தேனா, அன்னைக்கு நல்லா ஓடும், நானும் மாத்தினதுதான் மருந்துன்னு நம்பினேன்.

மூடியைத் தளர்த்தி, டேங்க் வாயில துணி சுத்திட்டு ஏறினேன். தனியாத்தான், அவனைக் கீழே நிறுத்திட்டு. லோ செகண்டுல முனகாம ஏறினா. அப்புறம் டேங்கிலிருந்து மேலே போற மூச்சுக் குழாயைத் தேடினோம். நுனியில குளவிக்கூடு, பொட்டு வெச்ச மாதிரி. சின்னவன் கம்பியால குத்தினான். காய்ஞ்ச மண்ணோட நாலஞ்சு செத்த சிலந்தி விழுந்துச்சு.

இப்ப உன்கிட்ட வர்றேன். குழாய் அடைச்சாலும் பழைய மூடி காப்பாத்தியிருக்கும். அதுல உள்ளே காத்து விடறதுக்கு ஒரு சின்ன வால்வு இருந்துச்சு. அந்த மூடி எங்கே? ஈப்போ எண்ணெய் ஸ்டேஷன்ல கூரை மேல வெச்சுட்டு வண்டியை எடுக்கச் சொன்ன மகாராசன் யாரு? பழைய வண்டி சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில 15 வெள்ளிக்கு வேற ஏதோ வண்டி மூடியை வாங்கிட்டு வந்து, "அளவு அப்படியே பொருந்துது பாரு"ன்னு மீசையை முறுக்கினது யாரு? பொருந்துச்சுடா. கல்லறை மூடி மாதிரி பொருந்துச்சு.

உன் தங்கச்சிகிட்ட மேட்டுல நடந்ததைச் சொல்லலை. சின்னவனும் சொல்லலை, ஆனா முன் சீட்டுல உட்கார மாட்டேங்கறான். பின்னால மூட்டை மேல உட்கார்ந்துக்கறான். "குதிக்க வசதியா இருக்கும்ப்பா"ங்கறான். பன்னிரண்டு வயசு. அதட்டவும் முடியலை.

சரியான மூடி 48 வெள்ளி, வாங்கியாச்சு. உன் மூடியை மைலோ டின்னுல போட்டு வெச்சிருக்கேன். அடுத்த பழ சீசனுக்கு வா, கையோட எடுத்துக்கிட்டுப் போ. வழியில எண்ணெய் போட நிறுத்தினா நீ இறங்கக் கூடாது.

உன்,
செல்வா

பி.கு.: பழைய மூடியைத் தொலைச்சது யாருன்னு கண்ணாடி மாமா ரெண்டு தரம் கேட்டுட்டார். இன்னும் சொல்லலை.