ஆண்டறிக்கை: எழுத்தாணி, முள்வாங்கி, நத்தைக் கரண்டி

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். போன வருடப் பொதுக்குழுவில் "சீசர், நீரோ எல்லாம் போதும், ரோமானியர்கள் தினமும் கையில் புழங்கிய உலோகச் சாமான்களைப் பற்றி ஒரு வருடம் பேசலாம்" என்று முடிவானபோது, யாரும் வர மாட்டார்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். அது தவறு என்று குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும் என்றார் தலைவர். சரி, ஏற்றியாயிற்று.

முதல் கூட்டம் எழுத்தாணி பற்றியது. மெழுகு பூசிய மரப்பலகையில் எழுத ஒரு முனை கூர், எழுதியதை மழித்து அழிக்க மறுமுனை தட்டை. நம் ஓலை எழுத்தாணிக்கு அந்த வசதி எடுபடாது, ஓலையில் கீறினால் கீறியதுதான். லத்தீனில் 'எழுத்தாணியைத் திருப்பு' என்றாலே 'எழுதியதைத் திருத்து' என்று அர்த்தமாம். அப்புறம் லண்டன் வால்புரூக்கில் மித்ராஸ் என்கிற ரோமானியர் காலத் தெய்வத்தின் கோயில் காட்சிக்கூடத்துக்குப் போனோம் (அனுமதி இலவசம், பொருளாளருக்கு மகிழ்ச்சி). அங்கே ப்ளூம்பெர்க் நிறுவனத்தின் கட்டடத்துக்காகத் தோண்டியபோது 400க்கும் மேற்பட்ட பலகைகளும் 200க்கும் மேற்பட்ட எழுத்தாணிகளும் கிடைத்தன. மெழுகு போய்விட்டாலும் ஆணி மரத்தில் இறங்கிய கீறலை வைத்தே சில பலகைகளைப் படித்துவிட்டார்கள். கி.பி. 70 வாக்கில் செய்த ஓர் இரும்பு எழுத்தாணியின் உடம்பிலேயே பொடி எழுத்தில் ஒரு செய்தி இருக்கிறது: தலைநகரத்திலிருந்து வந்தேன், உனக்கு ஒரு கூரான பரிசு, என் பை காலி, இல்லாவிட்டால் இன்னும் நல்லதாகத் தந்திருப்பேன், என்கிற பாணியில். பயணம் போய் மலிவாக ஏதாவது வாங்கி வந்து சமாளிக்கும் ஆட்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்!

இரும்பு இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் காற்று புகாத ஈரச் சேறு. இதை நான் அனுபவத்தில் கற்றேன்: நம் உறுப்பினர் ஒருவர் ஆசையாக அடித்துக் கொடுத்த மாதிரி எழுத்தாணியை என் கராஜில் வைத்திருந்தேன், ஒரே குளிர்காலத்தில் துரு தின்றுவிட்டது. அவரிடம் இங்கேயும் மன்னிப்புக் கேட்கிறேன்.

வருடத்தின் கலகலப்பான கூட்டம் முள்வாங்கிக் கூட்டம்தான். முள்வாங்கி, குறும்பிவாங்கி, நகத்து அழுக்கெடுக்க நுனி பிளந்த ஒரு குச்சி, மூன்றும் ஒரே வளையத்தில் தொங்கும். ரோமானிய பிரிட்டனில் இவை ஏராளமாகக் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் "எங்க தாத்தா அரைஞாண்ல இதேதான் தொங்கும்" என்றார், அதோடு நான் தயாரித்து வந்த பேச்சு முடிந்தது, அவரவர் தாத்தா கதைதான். இடையில் ரோமானியத் தத்துவஞானி செனெகாவின் கடிதத்தை மட்டும் எப்படியோ வாசித்துவிட்டேன். குளியல் கூடத்துக்கு மேல்மாடியில் குடியிருந்த அவர், அக்குள் முடி பிடுங்குகிறவன் ஆள் பிடிக்க ஓயாமல் கத்துகிறான், அவன் வாய் மூடுவது பிடுங்கும்போது மட்டும், அப்போது மாட்டிக்கொண்டவன் கத்துகிறான் என்று புலம்புகிறார்.

கரண்டிக்கு ஒரு கூட்டம். சின்னக் குழி, கூரான காம்பு; லத்தீனில் அதன் பெயர் நத்தையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் முட்டை சாப்பிடவும் அதே கரண்டிதான். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் 3ஆம் நூற்றாண்டின் மடக்குக் கருவி ஒன்று உண்டு: வெள்ளியில் கரண்டி, முள்கரண்டி, தட்டைக் கரண்டி, குத்தூசி, இன்னும் சில, கூடவே ஓர் இரும்புக் கத்தி. வெள்ளி அப்படியே இருக்கிறது, கத்திதான் பெரும்பாலும் துருவாகிப் போனது. (எல்லோரும் என்னையே திரும்பிப் பார்த்தார்கள்.)

எண்ணெய்க் குளியலில் உடம்பை வழிக்கும் வளைந்த தகடு பற்றிய கூட்டம் மழையால் சுமாராகப் போனது. வரவுசெலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

அடுத்த வருடம் பூட்டும் சாவியும். சட்டைப்பை இல்லாத உடுப்பு என்பதால் விரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்ளும் சாவிகள் அவர்களிடம் இருந்தன, அதில் மாதிரி ஒன்று வாங்க அனுமதி கேட்கிறேன். வெண்கலத்தில்தான். அதைத் தலைவர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்