என் உடம்புக்குள் இருப்பதன் பெயர் எனக்குத் தெரியாது: மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்கள்,
மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு,
கோட்லா சாலை, புதுதில்லி.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திர் கோயிலுக்குப் பின்புறம் குடியிருக்கிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவள். கோப்பில் ஒரு தாள் இல்லையென்றால் அதைத் தொட்டு என்னென்ன நின்றுபோகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மடலும் இல்லாமற்போன ஒரு தாளைப் பற்றியதுதான்.

2012-இல் எனக்கு இடப்பக்க மார்பில் புற்றுநோய் கண்டது. தில்லியிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மார்பகத்தை அகற்றி, அதே அறுவையில் சிலிகான் இம்ப்ளாண்ட் ஒன்றைப் பொருத்தினார்கள். உயிர் பிழைத்தேன், அந்த மருத்துவர்களுக்கு நான் கடமைப்பட்டவள். ஆகவே இது குறைகூறும் கடிதமன்று என்று எழுதக் கை வருகிறது, ஆனால் அப்படி எழுதினால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும்.

2019 ஜூலையில் கோயம்புத்தூரிலிருந்து என் அத்தை மகள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை அனுப்பி, "உங்களுக்கு வச்சது இதுதானான்னு கொஞ்சம் பாருங்கக்கா" என்று கேட்டாள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டதன்பேரில், அல்லர்கன் நிறுவனம் 'பயோசெல்' என்னும் சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட தன் இம்ப்ளாண்டுகளை, லிம்போமா என்னும் அரிய வகைப் புற்றுநோயோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதால், உலகெங்கும் திரும்பப் பெறுகிறது என்பது செய்தி. பீரோவைத் திறந்து டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தேன். "சிலிகான் இம்ப்ளாண்ட், 275 சிசி" என்று ஒரே வரி இருந்தது. தயாரித்தவர் யார், மேற்பரப்பு வழுவழுப்பா சொரசொரப்பா, வரிசை எண் என்ன என்று எதுவுமில்லை. மருத்துவமனையின் ஆவணப் பிரிவுக்கு மூன்று முறை நடந்தேன். காலம் கடந்த கோப்புகளை அழித்துவிட்டோம் என்று மூன்றாம் முறை மரியாதையாகவே சொன்னார்கள். அறுவை செய்த மருத்துவர் அதற்கு முன்பே வெளிநாடு போய்விட்டார்.

அவர்கள் விதியை மீறியதாகவும் நான் சொல்ல முடியாது. மருத்துவர்களின் தொழில் நடத்தை பற்றிய 2002-ஆம் ஆண்டு விதிமுறைகள் உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்றாண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. இம்ப்ளாண்டோடு தொடர்புடைய லிம்போமாவோ பெரும்பாலும் எட்டு முதல் பத்து ஆண்டு கழித்துத்தான் தலைகாட்டுகிறது. தாள் மூன்றாம் ஆண்டில் போய்விடுகிறது, நோய் ஒன்பதாம் ஆண்டில் வருகிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எந்த அதிகாரியாவது ஒருமுறை பார்த்ததுண்டா என்று கேட்கவே இம்மடலை எழுதத் தொடங்கினேன்.

என்னைப் போன்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால், அந்த நோயைப் பற்றி நான் புரிந்துகொண்டதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இது மார்பகப் புற்றுநோயன்று. நோயெதிர்ப்பு அணுக்களில் தோன்றும் ஒருவகை லிம்போமா. இம்ப்ளாண்டைச் சுற்றி உடல் தானாகப் பின்னிக்கொள்ளும் தழும்புத் திசு உறையிலும், அவ்வுறைக்குள் தேங்கும் நீரிலும் அது தொடங்குகிறது. அறுவை முடிந்து பல ஆண்டு கழித்து ஒரு பக்கம் திடீரென வீங்குவது, வலிப்பது, கட்டி தட்டுப்படுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அப்போது அந்த நீரை ஊசியால் எடுத்து சி.டி.30 என்னும் குறியீட்டைத் தேடிப் பரிசோதிக்க வேண்டும். வெறும் நீர்க்கோவை என்று வடித்துக் கொட்டிவிட்டால் நோயும் அதோடு கண்ணுக்கு மறைந்துவிடும். தொடக்கத்திலேயே கண்டால், இம்ப்ளாண்டையும் உறை முழுவதையும் அகற்றுவதே பெரும்பாலோருக்குப் போதுமான சிகிச்சையாகிறது.

அமெரிக்க நிர்வாகம் இந்தத் தொடர்பைப் பற்றி முதன்முதலாக எச்சரித்தது 2011 ஜனவரியில்; எனக்கு அறுவை நடந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஒப்புதல் படிவத்தில் ஆங்கிலத்தில் ஏழெட்டுப் பத்திகள் இருந்தன, அறுவைக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு நானும் என் கணவரும் கையெழுத்திட்டோம். அதில் இந்த நோயின் பெயர் இருந்ததா என்று இன்று பார்க்கலாமென்றால் அந்தப் படிவமும் அழிந்த கோப்போடு போய்விட்டது.

இனி அபாயத்தின் அளவுக்கு வருகிறேன். 2019-இல் திரும்பப் பெறச் சொன்னபோது அந்த நிர்வாகத்தின் கணக்கில் உலகெங்கும் 573 பேருக்கு நோய் பதிவாகி, 33 பேர் இறந்திருந்தனர்; அந்த 573-இல் 481 ஒரே நிறுவனத்தின் இம்ப்ளாண்டுகள். 2023 ஜூன் வரையிலான கணக்கில் இவை 1,264, 63 என்று உயர்ந்தன. ஆனால் இத்தனை பேருக்கு வந்தது என்ற எண், எத்தனை பேரில் இத்தனை என்பதைச் சொல்லாது. நெதர்லாந்தில் நாடு முழுவதுமுள்ள திசுப் பரிசோதனைப் பதிவுகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு, இம்ப்ளாண்ட் உள்ள பெண்களில் 75 வயதுக்குள் ஏறக்குறைய 7,000 பேரில் ஒருவருக்கு இது வரும் என்றது. நியூயார்க்கில் ஒரே அறுவை மருத்துவர், புற்றுநோய்க்குப் பிறகு சொரசொரப்பான இம்ப்ளாண்ட் வைத்த தம் நோயாளிகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியிட்ட கணக்கோ 355 பேரில் ஒருவர் என்றது.

ஒரே நோய்க்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வந்தது என்று முதலில் திகைத்தேன். முதல் ஆய்வு எல்லாவகை இம்ப்ளாண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணியது. இரண்டாவது, அபாயம் மிகுந்த ஒரே மேற்பரப்பை, நீண்ட காலம் பின்தொடர்ந்தது. இரண்டுமே சரியாக இருக்கலாம். எது எனக்குப் பொருந்தும் என்பதுதான் என் கேள்வி, அதற்கு விடை சொல்ல வேண்டிய ஒட்டுச்சீட்டு என்னிடம் இல்லை. அறுவை அரங்கில் பெட்டியைப் பிரிக்கும்போது வரிசை எண்ணும் மாடலும் அச்சான ஒட்டுச்சீட்டுகள் பல படிகளாக உள்ளே இருக்கும். ஒன்று கேஸ் ஷீட்டுக்கு, ஒன்று நோயாளிக்கு என்றே அவற்றை அப்படி வைக்கிறார்கள். என் பங்குச் சீட்டு எந்தக் குப்பைத்தொட்டிக்குப் போயிற்றோ.

வழுவழுப்பானதென்றால் கவலையே வேண்டாம் என்றும் இல்லை. அந்த உறையில் செதில் அணுப் புற்றுநோயும் வேறு லிம்போமாக்களும் அரிதாகத் தோன்றுவதாகவும், இருவகை மேற்பரப்பிலும் அவை காணப்பட்டிருப்பதாகவும் 2022 செப்டம்பரில் அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. அவை மிகச் சிலவே. ஆயினும் வீக்கம் வந்தால் காட்ட வேண்டும் என்பதாவது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

'திரும்பப் பெறுதல்' என்ற சொல் எங்களை எப்படிக் கலக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். கடை அலமாரியில் இருப்பதைத் திரும்பப் பெறலாம், என் விலாவின்மேல் தைத்திருப்பதை யார் வந்து பெறுவது? அறிகுறி இல்லாதவர்கள் இம்ப்ளாண்டை எடுக்கத் தேவையில்லை என்று அதே அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வரி வாட்ஸ்அப்பில் வரவில்லை. எங்கள் குடியிருப்பில் மட்டும், இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்ட இரண்டு பெண்கள் அந்த மாதம் தூக்கமின்றிக் கழித்தார்கள். மற்றவள் யாரென்று எனக்குத் தெரிய வந்ததே அப்போதுதான்.

அவளைப் பற்றி எழுத அவளிடம் அனுமதி பெற்றுக்கொண்டேன். குர்கானில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண். புற்றுநோய் ஏதுமின்றித் தன் விருப்பத்தால் வைத்துக்கொண்டவள். ஊரிலுள்ள தாயாருக்கு இன்றுவரை தெரியாது. ஓயாத அசதி, மூட்டுவலி, முடி கொட்டுதல், நினைவு மங்குதல் என்று இரண்டாண்டாக அவதிப்படுகிறாள். இம்ப்ளாண்ட் நோய் என்று பெண்கள் பெயரிட்டு அழைக்கும் இந்நிலைக்கு உறுதியான பரிசோதனையோ ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறையோ இதுவரை இல்லை. ஆனாலும் 2021 அக்டோபரில் அமெரிக்க நிர்வாகம் கட்டாயமாக்கிய கட்டமிட்ட எச்சரிக்கையில், இவ்வகை உடல்தழுவிய அறிகுறிகள் சிலருக்கு ஏற்பட்டுள்ளதும் அகற்றியபின் சிலருக்குத் தணிந்ததும் இடம்பெற்றுள்ளன. அவள் போன முதல் மருத்துவர் "எல்லாம் மனப்பிரமை" என்றார். இரண்டாமவர் ரத்தப் பரிசோதனைகூடக் கேட்காமல், உறையோடு சேர்த்து முழுதாக எடுத்தால்தான் குணமாகும் என்று சில லட்சங்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். தைராய்டு, ரத்தசோகை, முடக்குவாதம் ஆகியவற்றை முதலில் பார்த்து விலக்கிவிட்டு, பிறகு அகற்றுவதன் நன்மை தீமையைப் பொறுமையாகப் பேசும் மூன்றாமவர் கிடைக்க அவளுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அழகுக்காக வைத்துக்கொண்டவள்தானே என்ற ஏளனம் முதல் இருவர் குரலிலும் இருந்ததாக அவள் சொல்கிறாள். நான் நம்புகிறேன்; புற்றுநோய்க்காரி என்பதால் எனக்குக் கிடைத்த கனிவு அவளுக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவச் சாதனங்களின் தீய விளைவுகளைத் திரட்டும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015 முதல் நம் நாட்டில் இருக்கிறது என்பதையும், அதன் மையம் யமுனைக்கு அப்பால் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தில்தான் என்பதையும் ஓய்வு பெற்றபின் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் இருவருக்கும் மருத்துவம் பார்த்த ஒருவர்கூட அப்படியொரு திட்டம் இருப்பதாகச் சொன்னதில்லை. சொல்லாதவரை அங்கே பதிவாகும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் இந்தியாவில் இது பெரிய சிக்கலில்லை என்று யாரேனும் குறிப்பெழுதிவிடுவார்களோ என்பது, குறிப்பெழுதியே பிழைத்த என் அச்சம்.

ஏ.எஸ்.ஆர். செயற்கை இடுப்பு மூட்டு விவகாரம் தங்கள் துறைக்குப் புதிதன்று. 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெற்ற அந்த மூட்டைப் பொருத்திய சுமார் 4,700 அறுவைகள் இங்கே நடந்திருந்தன. எட்டாண்டு கழித்து நிபுணர் குழு கணக்கெடுத்தபோது நோயாளிகளில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதே சமயம், 2017-இல் இதய ஸ்டென்ட்டுக்கு விலை உச்சவரம்பு வந்தபோது, அதன் பிராண்டையும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயரையும் தொகுதி எண்ணையும் பில்லிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட நம்மால் முடிந்தது. ஸ்டென்ட்டுக்கு முடிந்தது மார்பக இம்ப்ளாண்டுக்கு முடியாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எனவே என் வேண்டுகோள் இதுதான். இம்ப்ளாண்ட் பொருத்தும் ஒவ்வொரு மருத்துவமனையும், அதன் விவரங்கள் அடங்கிய அட்டையை நோயாளி வீடு திரும்புமுன் கையில் கொடுக்க வேண்டும் என்பதை விற்பனை உரிமத்தின் நிபந்தனையாகவே ஆக்குங்கள். இறக்குமதியாளர் எந்த எண் எந்த மருத்துவமனைக்குப் போனது என்று ஏற்கெனவே கணக்கு வைக்கிறவர்தானே. அதன் அடுத்த கண்ணி நோயாளி. மூன்றாண்டு விதியை மாற்றுவது தங்கள் அதிகாரத்துக்குள் இல்லை என்பதை அறிவேன். ஆனால் சாதனம் உடலுக்குள் இருக்கும்வரை அதன் ஆவணமும் இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்துக்கு எழுத வேண்டியவர் தாங்களே. தேசியப் பதிவேடு ஒன்று வேண்டும். ஆஸ்திரேலியாவும் நெதர்லாந்தும் வைத்திருக்கின்றன.

அபாயங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் நோயாளி கையொப்பமிடும் படிவத்தை அமெரிக்காவில் 2021 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். இங்கே அதைத் தமிழ் உள்ளிட்ட எங்கள் மொழிகளில், அறுவைக்குப் பல நாள் முன்னதாகக் கொடுக்கச் செய்யுங்கள். இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் நிற்பதன்று, உள்ளே கிழியலாம், கிழிந்ததை வெளியிலிருந்து உணர முடியாமலும் போகலாம், ஆகவே சிலிகான் ஜெல் இம்ப்ளாண்டுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறையும் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ பார்க்கச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். எனக்கு இதை யாரும் சொல்லாததால் முதல் ஸ்கேனே ஒன்பதாம் ஆண்டில்தான் எடுத்தேன்.

சென்ற மாதம் மீண்டும் எடுத்தேன். கிழிசல் இல்லை, நீர் இல்லை. ஸ்கேன் மையத்தில் நிரப்பித் தரச் சொன்ன படிவத்தில் இம்ப்ளாண்டின் பெயர், வகை, மேற்பரப்பு என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அப்பால் இருந்த பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், ஆன்ட்டி" என்றாள்.

இங்ஙனம்,
தில்லிவாழ் தமிழ்ப் பெண் ஒருத்தி,
ராமகிருஷ்ணபுரம், புதுதில்லி.