மிளகு விவசாயியையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15 ஆசிய-பசிபிக் நாடுகள் சேர்ந்த ஆர்செப் (RCEP) தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கு பிலிப்பைன்ஸ் நாடாளுமன்ற மேல்சபையான செனட் 2023 பிப்ரவரி 21 அன்று ஒப்புதல் கொடுத்த செய்தி உங்கள் பத்திரிகையில் ஓரமாக வந்திருந்தது. கொல்லிமலையில் மூன்று ஏக்கரில் மிளகும் காபியும் வைத்திருக்கிற எனக்கு அது ஓரத்துச் செய்தியாகத் தெரியவில்லை.

என் மகள் அந்த நாட்டில், தாவோ நகரத்தில் மருத்துவம் படிக்கிறாள். 2022 டிசம்பர் கடைசியில் போனில் பேசும்போது, "அப்பா, மணிலாவில் வெங்காயம் கிலோ 700 பெசோவாம், இங்கேயும் வாங்க முடியலை" என்றாள். நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். அறைத்தோழிகள் ஒரு வெங்காயத்தைப் பாதியாக அறுத்து, மீதியைத் தட்டு போட்டு மூடிவைத்து, மறுநாள் குழம்புக்கு எடுத்தார்களாம்.

அந்த நிலைமையில்தான் அதிபர் மார்கோஸ் இந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தரும்படி செனட்டர்களைக் கேட்டார். விவசாயத் துறையும் அப்போது அவர் கையில்தான் இருந்தது. 2022-ல் பதவிக்கு வரும்போது, நம் விவசாயம் இதைத் தாங்குமா என்று மறுபடி பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னவர். அவருக்கு முந்தைய அதிபர் துதெர்தே 2021 செப்டம்பரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனாலும் செனட் ஓட்டெடுக்காததால் அது செல்லுபடியாகவில்லை. அந்த நாட்டு அரசியல் சட்டப்படி 24 செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 16 பேர் சம்மதிக்க வேண்டும். அந்த பிப்ரவரி ஓட்டெடுப்பில் 20 பேர் ஆதரித்தார்கள். ரிசா ஹொன்டிவெரோஸ் என்ற செனட்டர் எதிர்த்தார். அதிபரின் சொந்த அக்கா ஈமி மார்கோஸ் எந்தப் பக்கமும் ஓட்டுப் போடவில்லை.

எதிர்த்து நின்ற விவசாய சங்கங்கள் தோற்றுவிட்டன, சரி. ஆனால் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று அங்கே ஒரு வெங்காய விவசாயிக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் வாசலுக்கு வருகிறவரை நிறுத்திக் கேட்கலாம். எனக்கு அந்த வாய்ப்பு ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பு நாடுகளோடு நாம் போட்ட சரக்கு ஒப்பந்தம் 2009 ஆகஸ்டில் பாங்காக்கில் கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. மிளகு மேல் இருந்த 70 சதவீத இறக்குமதி வரியைப் படிப்படியாக 50 ஆக்க அதில் ஒத்துக்கொண்டார்கள். கேரளத்தில் மனிதச் சங்கிலி வரைக்கும் போனார்கள். நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடக்கவில்லை, நடக்க வேண்டும் என்று நம் சட்டத்தில் கட்டாயமும் இல்லை. மத்திய அமைச்சரவை சம்மதித்தால் போதும். அதற்கும் முன்னால் 1998-ல் இலங்கையோடு போட்ட ஒப்பந்தத்தின்படி வருஷத்துக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாமல் வரலாம்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது 2017-ல், மண்டியில் வைத்துத்தான். முந்தைய வருஷம் கிலோ 650 ரூபாய்க்குக் கொடுத்த மிளகை அன்று 420-க்குக் கேட்டார்கள். ஏன் என்று கேட்டேன். மண்டிக்காரர் ஒரு சாக்கைப் பிரித்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினார். மணிமணியாக, சலித்து எடுத்த ஒரே அளவு. "வியட்நாம் சரக்கு, இலங்கை வழியா வருது" என்றார். இன்னொரு கையில் என் மிளகு. சுருக்கம் விழுந்து, பெரிசும் சிறிசுமாக, லிட்டர் எடை (ஒரு லிட்டர் படி மிளகின் எடை) நன்றாகவே நின்றது. கடித்துப் பார்த்தால் எது காரம் என்று குழந்தைகூடச் சொல்லும். ஆனால் விலையைத் தீர்மானித்தது அந்தச் சாக்குதான். அந்த டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்து இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அடுத்த அறுவடைக்கு எனக்குக் கிடைத்தது 360.

2019 நவம்பரில் பிரதமர் மோடி பாங்காக்கில் ஆர்செப்பிலிருந்து இந்தியா விலகுவதாக அறிவித்தபோது நான் நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம் யோசித்தால், அந்த முடிவையும் யாரும் சபையில் ஓட்டுக்கு விடவில்லை. இன்று விலகியவர்கள் நாளைக்குச் சேர்ந்தாலும் அப்படித்தானே நடக்கும்?

வெளியே எங்கும் போக வேண்டாம், ஆஸ்திரேலியாவோடு 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தையே பாருங்கள். அதற்கு முந்தைய நவம்பரில் அந்த நாட்டு நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அதே ஒப்பந்தம், அதே காகிதம், நம் சபைக்கு வரவில்லை. 2023-ல் பிரிட்டனோடும் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

வியாபாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் காபியும் கப்பல் ஏறத்தான் செய்கிறது. எங்கள் நாமக்கல் எம்.பி.யும் தமிழகத்தின் மற்ற எம்.பி.க்களும் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும்: கையெழுத்தாவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைச் சபையில் வையுங்கள், வர்த்தகத் துறை நிலைக்குழுவுக்கு அனுப்புங்கள், அந்தப் பயிரை வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைசிப் பறிப்பு இப்போது என் களத்தில் காய்ந்துகொண்டிருக்கிறது. கூப்பிட்டால் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, இரண்டு மிளகையும் கையில் எடுத்துக்கொண்டு டெல்லிக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
மிளகு விவசாயி ஒருவர்,
செம்மேடு, கொல்லிமலை