உன் வீட்டுத் திண்ணையைப் பற்றி

அன்புள்ள தாமு,

இங்கு நலம். நீங்களும் பாரிஸில் நலமே என்று உன் தங்கை சொன்னாள். பதில் எழுதாததற்கான வசவுகளை அடுத்த தொலைபேசி அழைப்புக்கு எடுத்துவைத்துக்கொள். புதுச்சேரி வீட்டை அடுக்குமாடி கட்டுகிறவருக்கு விற்க நீங்கள் பேசிக்கொண்டிருப்பதாக அவள் சொன்ன அதே வாரத்தில்தான், நானும் கமலாவும் அந்த ஊரில் பழைய வீடொன்றைப் புதுப்பித்து நடத்தும் சிறு விடுதியில் வார இறுதியைக் கழித்துத் திரும்பினோம். அதனால்தான் இந்த அவசரக் கடிதம்.

எல்லோரும் பிரெஞ்சுக்காரர் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்காகக் கடற்கரைப் பக்கம் போவார்கள். நான் வேண்டுமென்றே இரு பகுதிகளையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் அறை எடுத்தேன். உன் வீட்டின் உடன்பிறப்பு போலவே இருந்தது அந்த வீடு. கீழே திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும் முற்றமும். மேலே பிரெஞ்சுக்காரர் பாணியில் வளைவு வைத்த சன்னல்களும் காரைத் தூண்களும். உன் பாட்டி வற்றல் காயவைத்தது போன்ற முற்றத்தில் குளியல் தொட்டியைவிடச் சற்றே பெரிய நீச்சல் குளம் வெட்டியிருக்கிறார்கள். ஓர் இரவுக்கு அவர்கள் வாங்கும் வாடகையைக் கேட்டால், பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த உன் சொல்தா தாத்தா பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கிய கையோடு மயங்கி விழுந்திருப்பார். இவ்வளவு வாங்கிக்கொண்டு அவர்கள் கொடுத்த காபியைப் பற்றிக் கமலா தனியாக எழுதுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வீடு இற்றுப்போய்விட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை என்று உன் அண்ணன் சொல்கிறாராமே. விடுதியில் வேலை செய்துகொண்டிருந்த மேஸ்திரியிடம் ஒரு காலைப்பொழுது முழுவதும் பேசிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கினாலும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லே பொடிந்து உதிரும். உன் அண்ணன் பெருமையோடு செய்த சிமெண்ட் பூச்சு நினைவிருக்கிறதா? மெட்ராஸ் டெரஸ் கூரையிலும், தேக்கு உத்தரங்கள் பெரும்பாலும் சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் முதலில் இற்றுப்போகும் என்றார். கெட்டவற்றை மட்டும் மாற்றி, மேலே செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பால் மூடிவிட்டால் கூரை இன்னொரு தலைமுறைக்குத் தாங்குமாம்.

அண்ணனின் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லவில்லை. 2014-இல் பெய்த மழையில் நகராட்சிக் கட்டடமான மேரியே இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டியிருக்கிறார்கள், அழகாகவும் இருக்கிறது. ஆனாலும் எதிரே நின்று பார்த்தபோது என் மனம் அதில் ஒட்டவில்லை. 1761-இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்ப வந்த பிறகு கட்டியெழுப்பியதைத்தான் நாம் பழைய புதுச்சேரி என்கிறோம். அன்று இடித்தவர்கள் பகைவர்களாவது. வைசியாள் வீதியில் வீட்டுக்காரர்களும் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் கைகோத்து முகப்புகளையும் திண்ணைகளையும் மீட்ட வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதற்குச் சில தெருக்கள் தள்ளித்தான் உன் வீடு பூட்டிக் கிடக்கிறது.

அப்படியானால் விடுதிக்காரருக்குக் கொடுத்துவிடலாமே என்பாய். நானும் முதல் நாள் மாலை வரை அப்படித்தான் நினைத்தேன். திண்ணையில் பித்தளை உருளி வைத்து, தண்ணீர் நிரப்பி, செம்பருத்தி மிதக்க விட்டிருந்தார்கள். பூக்கூடையோடு வந்த ஒரு கிழவி திண்ணை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். காவலாளி மரியாதையாகத்தான் எழுப்பி அனுப்பினான். உன் தாத்தா காலத்தில் அந்தத் தெருவில் யாரும் யாரையும் கேட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. நம் படிப்பில் பாதியும் வெட்டிப்பேச்சு முழுவதும் அங்கேதான் நடந்தன. உள்ளே தூண் தூணாகக் காப்பாற்றியவர்கள், வாசலில் வீட்டுக்கும் தெருவுக்கும் இருந்த உறவை வெட்டிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கமலா மட்டும், ராத்திரி குடிகாரன் வந்து படுத்தால் நீங்களா எழுப்புவீர்கள் என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருந்தும் சொல்கிறேன்: விற்காதே. நீண்டகாலக் குத்தகைக்கு விடு. முற்றத்தையும் தாழ்வாரத்தையும் தொடக்கூடாது, பகலில் திண்ணை தெருவுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடு. அண்ணன் சிரிப்பார், தங்கை யோசிப்பாள், நீ வழக்கம்போல் இருவருக்கும் தலையாட்டுவாய். விற்றே தீரவேண்டும் என்றால் அடுக்குமாடிக்காரரைவிட விடுதிக்காரர் மேல். குளத்தைப் பிற்பாடு மூடிக்கொள்ளலாம்.

முன்பணம் வாங்குவதற்கு முன்னால் மேஸ்திரி ஒருமுறை உள்ளே வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார். சாவி இன்னும் மீசைக்காரரிடம்தான் இருக்கிறதா என்று உடனே எழுது. அவரிடம் நேரில் போய்க் கேட்கும் தைரியம் எனக்கு இன்றைக்கும் கிடையாது.

அன்புடன்,
சேது