புனர்வாழ்வு கிளாஸ்ல பின்வரிசையில உக்காந்தவன்

அன்பான ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பத்திரிகையில வாசகர் ஒருத்தர், திரும்ப திரும்ப குத்தம் செய்றவனுக்கு தண்டனைய ரெட்டிப்பாக்கணும்னு எழுதியிருந்தாரு. அவரு கோவம் எனக்கு புரியுது, வெட்டுப்பட்டவங்க வீட்டு வலி சின்னது இல்ல. ஆனா அவரு சொல்ற மாதிரி ஒருத்தன் எங்க வீட்டுலயே இருக்கான், அதனாலதான் எழுதுறேன்.

எங்க அண்ணன் மகன். இருபத்துமூணு வயசு அப்ப. சம்பளத்தன்னிக்கு கசிப்புங்கிற கள்ளச்சாராயத்த குடிச்சிட்டு, எங்க தோட்டத்து லயத்து வீடுங்க முச்சந்தியில சண்ட, கையில இருந்தது தேயிலைச்செடி வெட்டுற கவ்வாத்து கத்தி, பக்கத்து லயத்து பையனுக்கு ரெண்டு விரலு போச்சு. அந்தப் புள்ளயால இன்னிக்கும் ஒரு கத்திய ஒழுங்கா புடிச்சி வேல செய்ய முடியாது, அத நாங்க மறக்கல. இவனுக்கு ரெண்டு வருசம் ஜெயில். வெளிய வந்து அஞ்சாவது மாசம் மறுபடி குடி, மறுபடி அடிதடி, இப்ப மறுபடியும் உள்ள.

முத தடவ உள்ள இருந்தப்ப பார்க்க போனேன். கம்பிவலைக்கு அந்தப்பக்கம் நின்னுக்கிட்டு சொல்றான், "சித்தப்பா, வாரத்துக்கு ஒருநா ஒரு சேர் வந்து கிளாஸ் எடுக்கிறாரு, நல்ல மனுசன்தான், ஆனா முழுக்க சிங்களம். நான் பின்னால உக்காந்து எல்லாரும் தலையாட்டுறப்ப நானும் ஆட்டுவேன்." கேள்வி பேப்பர் ஒண்ணும் குடுத்தாங்களாம், குடிப்பியா, கோவம் வந்தா என்ன செய்வ, கூட்டாளிங்க எப்புடின்னு. அதுவும் சிங்களத்துல. பக்கத்துல இருந்த இன்னொரு கைதிதான் இவனுக்காக புள்ளடி போட்டு குடுத்திருக்கான். அந்த பேப்பர் எங்கயோ ஒரு ஃபைல்ல இருக்கும், ஆனா அதுல இருக்கிறது எங்க புள்ள இல்ல.

என் மக கெம்பஸ்ல உளவியல் படிக்கிறா, அவகிட்ட கேட்டேன். கனடாவுல ஆண்ட்ரூஸ், பொன்டா, ஹோக்னு மூணு பேரு குத்தம் செஞ்சவங்கள திருத்துறதுக்கு 1990ல எழுதி வச்ச ஒரு முறைய சொன்னா. மொதல்ல, இவன் மறுபடி தப்பு செய்ற அபாயம் எவ்வளவுன்னு அளக்கணும், அபாயம் கூடினவனுக்குத்தான் கூடுதலா கவனிப்பு. அடுத்தது, அவன அந்த தப்புக்கு தள்ளுறது எதுன்னு பார்த்து அதுக்கு மருந்து, குடியா, கூட்டாளியா, வேல இல்லாததா, வீட்டு நெலமையா, யோசிக்கிற விதமா. பழைய குத்தத்த மாத்த முடியாது, இதெல்லாம் மாத்தலாம். மூணாவது, அவனுக்கு வெளங்குற விதத்துல குடுக்கணும். நான் அங்கதான் நின்னுட்டேன். வெளங்குற விதம்னா எங்க ஆளுங்களுக்கு மொதல் விசயம் பாஷை தானே ஐயா. கோவம் வர்றதுக்கு முன்னால மனசுல என்ன ஓடுதுன்னு ஒருத்தன் சொல்லணும்னா அத அவன் தாய்மொழியிலதான் சொல்லுவான். 1987லயே நம்ம இலங்கை அரசியலமைப்போட பதிமூணாவது திருத்தத்துல தமிழும் அரச கரும மொழின்னு எழுதியாச்சு, ஜெயிலுக்குள்ள மட்டும் அது எப்ப வரும்?

கிளாஸ் நடத்திட்டா போதும்னும் நெனக்கக்கூடாது. இங்கிலாந்துல பாலியல் குத்தவாளிகளுக்கு ஜெயிலுக்குள்ள வருசக்கணக்கா ஒரு சிகிச்சை குடுத்துட்டு பிறகு கணக்கு பார்த்தாங்க, 2017ல அறிக்கை வந்துச்சு. அந்த சிகிச்சை எடுத்தவங்கள்ல நூத்துக்கு பத்து பேர் மறுபடி அதே மாதிரி குத்தம் செஞ்சிருக்காங்க, எடுக்காதவங்கள்ல எட்டு பேர். அந்த திட்டத்தையே நிப்பாட்டிட்டு வேற கொண்டு வந்தாங்க. அப்புடி எண்ணிப் பார்க்கிற பழக்கம் நம்மகிட்டயும் வரணும், எத்தன பேருக்கு சான்றிதழ் குடுத்தோம்ங்கிறது கணக்கே இல்ல.

இன்னொண்ணு. ஃபைன் கட்ட காசில்லாம உள்ள போறவங்க எங்க பக்கம் நிறைய, அவங்களையும் குடுங்கிற போதைத்தூள் கேஸ்ல பழகின ஆளுங்களையும் ஒரே இடத்துல போட்டா என்ன நடக்கும்னு எந்த லயத்துல கேட்டாலும் சொல்லுவாங்க. சமுதாயம்சார் சீர்திருத்தத்துக்கு 1999லயே 46ஆம் இலக்க சட்டம் இருக்கு, சின்ன குத்தத்துக்கு ஜெயிலுக்கு பதிலா வெளியிலயே வேல செய்ய வச்சு, கூடவே ஆலோசனையும் குடுக்கலாம். அத தோட்டப்பக்கம் தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தரோட செய்யச் சொல்லி எங்க தொழிற்சங்க தலைவர்மார் கேக்கணும், சம்பள பேச்சுவார்த்தையோட சேர்த்து இதையும்.

எங்க அண்ணி அந்த கத்திய கூரைத் தகரத்துக்கு அடியில சொருகி வச்சிருக்காங்க, துருப்புடிச்சி கெடக்கு, தூக்கிப்போடவும் மனசில்ல, புள்ள வந்தா கவ்வாத்து வேலைக்கு வேணுமேன்னு. அவன் வர இன்னும் ஏழு மாசம் இருக்கு. அதுக்குள்ள அவன் எதிர்ல உக்காந்து, அன்னிக்கு ஏன்டா கத்திய எடுத்தன்னு தமிழ்ல கேக்க பயிற்சி உள்ள ஒரு ஆள அனுப்புங்கன்னு சம்பந்தப்பட்டவங்கள உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொகவந்தலாவை