எம்சிபி கிளையன்ட் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே, வணக்கம். எம்சிபி (Model Context Protocol) என்பது ஏஐ மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது நெறிமுறை. கருவிகளைத் தருவது சர்வர், அவற்றை அழைக்கும் செயலி கிளையன்ட்.

நிரல் எழுத உதவும் ஏஐ உதவியாளரை டெர்மினலில் நேரடியாக ஓட்டினால், கோப்பைத் திருத்தும் முன்பும் கட்டளையை இயக்கும் முன்பும் பொதுவாக நின்று "செய்யலாமா?" என்று கேட்கும். அதே உதவியாளரைக் கருவிச் சர்வராக ஓட்டி உங்கள் செயலியோடு இணைத்தால், கேட்க வேண்டியவர்கள் நீங்கள். இது பலருக்குத் தெரியவில்லை என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

ஆந்த்ரோபிக்கின் நிரல் உதவியாளரான கிளாட் கோடை இப்படிச் சர்வராக ஓட்ட 'கிளாட் எம்சிபி சர்வ்' என்ற ஒரே கட்டளை போதும். கோப்பைப் படிப்பது, திருத்துவது போன்ற அதன் கருவிகளை வேறொரு செயலி அழைக்கலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் பயனரின் ஒப்புதலைப் பெறுவது கிளையன்டின் பொறுப்பு என்று அதன் ஆவணம் ஒரு சிறு குறிப்பாகச் சொல்கிறது. 2024 நவம்பரில் வெளியான எம்சிபி நெறிமுறையும், கருவி அழைப்பை மறுக்கும் வாய்ப்பு ஒரு மனிதரிடம் இருக்க வேண்டும் என்றே பரிந்துரைக்கிறது. ஆனால் அது பரிந்துரைதான். நீங்கள் எழுதாவிட்டால் அந்தக் கேள்வி எங்கும் எழாது.

ஒருமுறை இப்படி இணைத்த ஒரு செயலியில், ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றச் சொன்னேன். மாற்றியதில் டெஸ்ட்கள் உடைந்தன. உடனே அது 'கிட் செக்அவுட்' அடித்துக் கோப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, மறுபடி தொடங்கியது. நான் கமிட் செய்யாமல் (கிட்டில் பதிந்து சேமிக்காமல்) வைத்திருந்த இரண்டு நாள் வேலை அதோடு போயிற்று. திரையில் வந்தது "வேலை முடிந்தது" என்ற வரி மட்டும். அந்தக் கட்டளையை முன்பே கண்ணில் காட்டியிருந்தால் தடுத்திருப்பேன்.

படிக்கும் கருவிகளுக்கு ஒப்புதல் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் செயலி தொடங்கும் சர்வர், பொதுவாகப் பயனரின் உரிமைகளோடுதான் ஓடுகிறது. அவர் திறக்கக்கூடிய எஸ்எஸ்எச் சாவியை (வேறு கணினிகளுக்குள் நுழைய உதவும் ரகசியக் கோப்பை) அதுவும் திறக்கும். வெளியிலிருந்து வந்த ஒரு ரீட்மி கோப்பில் மாடலுக்கான கட்டளை ஒளிந்திருந்தால், படித்த அடுத்த நொடியே அது செயலாக மாறலாம். கருவி தன்னைப் 'படிக்க மட்டும்' என்று அறிவித்துக்கொள்வதை அப்படியே நம்பாதீர்கள். நம்பகமான சர்வரிலிருந்து வராத அத்தகைய குறிப்புகளை நம்பக் கூடாது என்று நெறிமுறையே எச்சரிக்கிறது.

ஒப்புதல் பெட்டியில் சுருக்கம் வேண்டாம், இயங்கப்போகும் கட்டளையை முழுதாகக் காட்டுங்கள். திருத்தம் என்றால் டிஃப், அதாவது எந்த வரி எப்படி மாறுகிறது என்பதைக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் பயனர் படிக்காமலே 'சரி' அழுத்துவார் என்பது உண்மைதான். அதற்காக, "எப்போதும் அனுமதி" என்பதை ஒரு ஃபோல்டருக்கும் ஒரு கருவிக்கும் மட்டும் செல்லும்படி வையுங்கள். ஷெல் கட்டளைகளுக்கு அதைத் தரவே வேண்டாம். பதில் வராவிட்டால் மறுப்பு என்றே கொள்ளுங்கள்.

இவை இல்லாமல் ஒரு செயலியை வெளியிட்டிருந்தால், அடுத்த வசதியைச் சேர்க்கும் முன் இந்தப் பெட்டியைச் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் செயலிகளைப் பயன்படுத்தும் ஒரு நிரலாளர்